சூடானால் நிற்கும் கார்

எங்கள் வீட்டில் ஒரு அம்பாசிடர் இருக்கிறது. மார்க் 4, 1985 மாடல், பெட்ரோல் வண்டி. ஐயா (அப்பாவின் அப்பா) வாங்கியது. என் வயதையும் தங்கச்சி வயதையும் கூட்டினால்தான் ஏறக்குறைய அதன் வயது வரும்.

இரண்டு வருஷமாக அதற்கு ஒரு வியாதி. சிங்கம்புணரியில் சமர்த்தாகக் கிளம்பும். கொட்டாம்பட்டி தாண்டி மேலூர் போவதற்குள் திணறும், இருமும், நின்றுவிடும். முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

எல்லோரும் சொன்ன காரணம், வேப்பர் லாக். அதாவது சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, எஞ்சினுக்குப் போகாமல் அடைத்துக்கொள்வது. நம்பும்படியாகத்தான் இருந்தது. இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், இடது பக்கம். அடுப்புக்குப் பக்கத்தில் பெட்ரோல் வைத்த கதை. ஈரத்துணி சுற்றிப் பார்த்தோம். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். காயிலை மாற்றினோம். ம்ஹூம்.

போன மாதம் ஐயாவைக் கண் செக்கப்புக்கு மதுரை கூட்டிப்போன அன்றும் நின்றது. நான்குவழிச் சாலை, ஒதுங்க ஒரு மரம் இல்லை. 84 வயது மனுஷன் வெயிலில் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தார். அன்று இரவு அப்பா, "எடைக்குப் போட்டுரலாம்" என்றார். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கடைசி முயற்சியாக ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன்.

"சூடானா நிக்குதுண்ணே."

"நின்ன எடத்துல யாராச்சும் கரண்ட் வருதான்னு பாத்தீங்களா தம்பி?"

யாருமே பார்க்கவில்லை! ஷெட்டுக்கு வருவதற்குள் வண்டி ஆறிவிடும், நோயும் ஒளிந்துகொள்ளும். அவர் என்னோடு ஏறிக்கொண்டார். நிற்கும் வரை ஓட்டினோம். நின்றதும், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு நடுவில் வரும் காயில் ஒயரை உருவி, எஞ்சின் பிளாக் அருகே பிடித்தார். நான் செல்ஃப் அடித்தேன். நீலமாகப் படபடவென்று வரவேண்டிய பொறி, மஞ்சளாக நூல் மாதிரி வந்தது. மூடியைத் திறந்தால், பாயிண்ட் முனைகள் கருகிக் கிடந்தன.

"கண்டென்சர் போச்சு" என்றார்.

சுண்டுவிரல் அளவு உருளை. பாயிண்ட் திறக்கும்போது அங்கே பாயப் பார்க்கும் மின்சாரத்தை அது வாங்கிக்கொள்ளும். அப்போதுதான் காயிலில் கரண்ட் சட்டென்று அறுந்து, பிளக்குக்குப் போதுமான பொறி கிடைக்கும். வயதான கண்டென்சர் சூட்டில் கைவிட்டுவிடும், ஆறினால் பிழைத்துக்கொள்ளும். நாங்கள் இரண்டு வருஷமாக இடது பக்கமே தேடிக்கொண்டிருந்தோம். டிஸ்ட்ரிபியூட்டர் இருப்பது வலது பக்கம் :-)

அடுத்தது பார்ட்ஸ் வேட்டை. அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. இதே 1489 சிசி எஞ்சின் இங்கிலாந்தில் எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியது, அங்கே பழைய கார் பிரியர்களுக்கு இன்னும் சாமான் கிடைக்கிறது. நமக்கு? காரைக்குடியில் இரண்டு கடைகளில் கையை விரித்தார்கள். மெக்கானிக் அண்ணன் முன்பே சொல்லியிருந்தார்: "பேரைச் சொல்லிக் கேக்காதே, பழசைக் கையில கொண்டு போ." மதுரையில் மூன்றாவது கடைக்காரர் பழசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தூசி தட்டி எடுத்து வந்தார். ஒரு பிரியாணி விலைகூட இல்லை. இரண்டாக வாங்கினேன், ஒன்று டேஷ்போர்டில் இருக்கிறது. புதுப் பாயிண்டும் போட்டு, ஃபீலர் கேஜ் வைத்து 0.015 அங்குல இடைவெளியை நானே செட் செய்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஐயாவோடு மதுரை போய் வந்தோம். எங்கும் நிற்கவில்லை. மேலூர் தாண்டும்போது ஐயா, "கொஞ்சம் நிறுத்தப்பா" என்றார். எனக்குப் பகீர் என்றது.

டீ குடிக்கத்தான்.