விடிந்த பிறகும் கூத்து இருக்க வேண்டுமானால்

2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்து ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதமர் வந்தார். இளையராஜாவின் திருவாசக இசை நிகழ்ச்சி நடந்தது. பக்கத்து ஊரான மீன்சுருட்டியின் மக்களுக்கு அது ஊர்ப் பெருமை. பெருமை சரிதான். ஆனால் பெரிய மேடை சில நாளில் பிரிக்கப்பட்டுவிடும். ஒரு கலை வட்டாரத்திலேயே குடியிருக்க வேண்டுமென்றால் அதற்கென ஓர் அமைப்பு வேண்டும். அப்படி ஒன்றைக் கூத்துக்காரர்களே கட்டி எழுப்பிய கதை காஞ்சிபுரம் பக்கம் இருக்கிறது.

மர அணிகள் கட்டி விடிய விடிய ஆடும் கட்டைக்கூத்தின் கலைஞர்களுக்காக அங்கே 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கியது. அதன் முதன்மை ஆள் பெருங்கட்டூர் பி. ராஜகோபால். பரம்பரைக் கூத்துக்காரர், சிறு வயதிலேயே பள்ளியை விட்டுவிட்டு வேஷம் கட்டப் போனவர். அவருக்குத் தோள் கொடுத்தவர் நெதர்லாந்தில் பிறந்த ஆய்வாளர் ஹன்னே டி புரூன், ராஜகோபாலின் மனைவி.

கூத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கண்ணில் படுவது கிரீடமும் புஜக்கட்டையும்தான். உள்ளே இருப்பவர்களுக்கு முதல் கவலை அட்வான்ஸ். சீசனுக்கு முன்னால் குழுத் தலைவர் நடிகருக்கு முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடுவார். கடன் தீராது, குழு மாறவும் முடியாது. முகவீணை ஊதும் நல்ல கலைஞர் ஒருவர் கைமாறிப் போனால் அந்த வருஷமே ஆட்டம் கண்டுவிடும். இப்படி ஒன்றோடொன்று போட்டி போடும் குழுக்களின் கலைஞர்கள் ஒரே சங்கத்தில் உட்கார்ந்தது சின்னக் காரியமில்லை. இந்தச் சங்கத்தின் உண்மையான சாதனை அதுதான் என்று தோன்றுகிறது.

அடுத்தது 2002இல் வந்த கட்டைக்கூத்துக் குருகுலம். காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில், பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. தான் இழந்த படிப்பை அடுத்த தலைமுறையும் இழக்கக் கூடாது என்ற எண்ணம் ராஜகோபாலுக்கு. எனவே பள்ளிப் பாடமும் அங்கேயே, அடவும் பாட்டும் மிருதங்கமும் ஆர்மோனியமும் அங்கேயே. ஆண்களே பாஞ்சாலி வேஷம் கட்டி வந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். திரௌபதியாக மட்டும் இல்லை. துரியோதனன், கர்ணன் போன்ற கட்டை வேஷங்களிலும்.

கட்டை வேஷம் லேசானதல்ல. கண்ணாடிச் சில்லு பதித்த மர அணிகளைத் தோளிலும் மார்பிலும் இறுகக் கட்டிக்கொண்டு, சுழன்று ஆடி, அந்த மூச்சிரைப்போடு முகவீணையின் உச்ச சுருதிக்கு ஏறிப் பாட வேண்டும். இதை ராத்திரி தொடங்கி விடியும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். உடம்பு இதற்குப் பழகிவிடும், பெண்ணுக்கும் பழகும். பழகாதது ஊர் வாய்தான். கல்யாணத்துக்குப் பிறகு ராத்திரி ஆட்டத்துக்கு அனுப்பாத குடும்பங்களால் கூத்து இழந்த பெண் கலைஞர்கள் உண்டு. பயிற்சி கொடுப்பதோடு அமைப்பின் வேலை முடியவில்லை என்பது இதில்தான் தெரியும்.

இடையே சங்கம் பல திசையில் கைநீட்டியது. பாரதக் கதைகளோடு ராஜகோபால் புது நாடகங்களும் எழுதினார், பாடகர் டி.எம். கிருஷ்ணாவோடு கர்நாடக இசையும் கூத்தும் ஒரே மேடையில் சேர்ந்தன. 2020இல் குருகுலம் மூடப்பட்டது. இதைத் தோல்வி என்று எழுதுவது எளிது. பதினெட்டு வருஷம் ஓடிய பள்ளி, அங்கே கற்றவர்கள் சொந்தமாகக் குழு கட்டும் அளவுக்கு வளர்த்துவிட்ட பள்ளி, அதைத் தோல்வி என்று எப்படிச் சொல்வது?

மீன்சுருட்டியில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் கட்டடத்துக்கு நன்கொடை தேட வேண்டாம். சுற்றுவட்டார ஊர்களில் கூத்தோ பறையோ நாதஸ்வரமோ தெரிந்தவர்கள் யார் யார், அவர்கள் கடன் என்ன, கூலி என்ன என்பதை முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் கூட்டத்துக்கு அவர்களையே கூப்பிடுங்கள், வீட்டுப் பெண் பிள்ளைகளையும் அழைத்துவரச் சொல்லுங்கள்.