நாளைக்கு ஒரு சொல்

இலக்கணப் புத்தகம் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. கொஞ்ச நாளாக ஆஃப்ரிகான்ஸ். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் பேச்சு, அங்கே அடிமைகளின் வாயிலும் உள்ளூர்க்காரர்களின் வாயிலும் புழங்கிப் புழங்கித் தனி மொழியான கதை அது. 1925-ல் ஆட்சி மொழியானது.

எதிர்காலம் சொல்ல ரொம்பச் சிரமப்பட வேண்டாம். 'ஸல்' என்று ஒரு சொல் போதும். நாம் செய்வேன், செய்வாய், செய்வார்கள் என்று ஆளுக்கொரு விகுதி வைத்திருக்கிறோம். அங்கே எல்லாருக்கும் ஒரே ஸல்தான்.

'எக் ஸல் மோரெ டி புக் லியெஸ்.' எக் என்றால் நான், மோரெ நாளை, டி புக் அந்தப் புத்தகம், லியெஸ் படி. நாளைக்கு அந்தப் புத்தகத்தைப் படிப்பேன். கவனித்தீர்களா, வினை நம் தமிழ் மாதிரியே கடைசியில் வருகிறது!

நாளையை முன்னால் கொண்டுவந்தால், 'மோரெ ஸல் எக் டி புக் லியெஸ்'. 'நான்' பின்னால் போய்விட்டது. ஸல் மட்டும் இரண்டாவது இடத்தை விட்டு நகரவில்லை, துண்டு போட்டு சீட் பிடித்தவர் மாதிரி. 'ஏனென்றால்' என்று ஆரம்பிக்கும் துணை வாக்கியத்தில் அது எழுந்து கடைசி வினைக்கு முன்னால் போய் உட்காரும். வரமாட்டேன் என்பதற்கு 'எக் ஸல் நி கொம் நி'. மறுப்பு இரண்டு தடவை, சந்தேகமே வேண்டாம்.

நண்பர் ஒருவர் கேட்டார்: "வெள்ளைக்காரன் அடக்கி வெச்ச பாஷையாச்சே, அதைப் போய் ஏன் சார் படிக்கிறீங்க?"

நியாயமான கேள்வி. கறுப்பினக் குழந்தைகள் கணக்கையும் சமூக அறிவியலையும் இந்த மொழியில்தான் படிக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. 1976 ஜூன் 16 அன்று சொவேட்டோவில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. ஹெக்டர் பீட்டர்சன் என்ற சிறுவனின் உடலை இன்னொரு பையன் தூக்கிக்கொண்டு ஓடும் புகைப்படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம்.

அந்தச் சமயத்தில் ராபன் தீவுச் சிறையில் இருந்த மண்டேலா, இதே மொழியைத் தானாகவே உட்கார்ந்து படித்தவர். காவலர்களின் மொழி தெரிந்தால்தான் அவர்கள் மனசு புரியும் என்பது அவர் கணக்கு. 1994 மே மாதம், ஜனாதிபதியாக நாடாளுமன்றத்தில் பேசியபோது, ஆஃப்ரிகான்ஸ் கவிஞர் இங்க்ரிட் யோங்கரின் கவிதை ஒன்றை வாசித்தார். ராணுவத்தால் சுடப்பட்ட ஒரு கறுப்புக் குழந்தையைப் பற்றிய கவிதை அது.

மாணவர்கள் மறுத்ததும் சரி, மண்டேலா கற்றதும் சரி. திணித்தால் எந்த மொழியும் கசக்கும். விரும்பிக் கற்றால் எதிரியின் மொழியும் கைகொடுக்கும். இன்று ஆஃப்ரிகான்ஸைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களில் பாதிக்கு மேல் வெள்ளையர் அல்லாதவர்கள். நாளையைப் பற்றி யார் பேசினாலும் அதே ஸல்தான். அதில் காவலருக்கு ஒன்று, கைதிக்கு ஒன்று என்று கிடையாது.