சாக்கடைக்கும் உறைமோர்!

எனக்குப் பிறந்தகம் ஸ்ரீவில்லிபுத்தூர், புகுந்தகம் ராஜபாளையம். பால்கோவாவுக்குப் பக்குவம் கேட்காத பெண் இரண்டு ஊரிலும் கிடையாது. ஆனால் உருளி கழுவிய தண்ணீர் எங்கே போகிறதென்று யாராவது கேட்டதுண்டா, சகோதரிகளே?

2018-ல் ஆசிய வளர்ச்சி வங்கி தமிழக நகரங்களுக்குக் கடன் கொடுக்க முன்வந்தபோது, எங்கள் ராஜபாளையத்துப் பாதாளச் சாக்கடையும் அதில் இடம்பெற்றது. சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் முறையைக் கேட்டால், ‘அட, நம் அடுக்களைச் சமாசாரம்!’ என்பீர்கள்.

முதலில் கம்பிச் சல்லடை கந்தல்களைத் தடுக்கும். மணல் அடியில் தங்கும். அடுத்த தொட்டியில் ஓயாமல் காற்றைச் செலுத்துவார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று பெருகும். பிறகு அவை சேறாகப் படிய, நீர் தெளியும். அந்தச் சேற்றில் ஒரு பங்கைக் காற்றுத் தொட்டிக்கே திருப்பிவிடுவார்கள். நேற்றைய தயிரில் ஒரு கரண்டியை இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதே கதைதான்!

ஆனால் நாம் கொட்டும் எண்ணெயும் பழந்துணியும் வழியிலேயே குழாயை அடைத்துக்கொள்ளும். பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடைக்குழியில் இறக்குவதை 2013-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. இருந்தும், விஷவாயு தாக்கி மாண்டவர்களைப் பற்றிய செய்தி நின்றபாடில்லை.

எண்ணெய்ப் பிசுக்கைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட அரை நிமிஷம் ஆகுமா? அந்த அரை நிமிஷம், யாரோ ஒரு தாயின் பிள்ளைக்காக என்று எண்ணிக்கொள்ளுங்கள்.