கயிறு பிடித்த கையும் கேமரா பிடித்த கையும்

பயணத்தில் படமெடுப்பவர் எதையும் நேரில் காண்பதில்லை என்ற குறை தூத்துக்குடிக் கரையில் முழுதாகப் பொருந்துவதில்லை. இங்கே காணத்தக்கவற்றில் பல தண்ணீருக்கு அடியிலோ கயிற்றின் மறுமுனையிலோ இருப்பதால், கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டவரும் அவற்றைத் தவறவிடக்கூடும்.

முத்துக்குளிப்பு இதற்குத் தக்க சான்று. 'பார்' எனப்படும், சிப்பிகள் ஒட்டி வளரும் கடலடித் திட்டின் மேல் படகு நங்கூரமிட்டு நிற்க, குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி, மூச்சை அடக்கிச் சில பாகம் (விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி) ஆழம் இறங்கிச் சிப்பிகளைப் பையில் அள்ளுவார். ஒரு நிமிடம்போலக் கழிந்து அவர் கயிற்றைச் சுண்டியதும் மேலே இருப்பவர் இழுத்தெடுப்பார். படகிலிருந்து எடுத்த படத்தில் அவர் இறங்குவதும் தலை வெளிவருவதும் பதியும். இடைப்பட்ட நிமிடம் கயிறு பிடித்தவரின் உள்ளங்கைக்கே தெரியும். அந்தக் கையில் கேமராவுக்கு இடமில்லை. இந்தியக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்து முடிந்துவிட்டபடியால், அந்தக் கையை இனிப் படமெடுக்கவும் வழியில்லை.

உப்பளத்தில் நிலைமை வேறு. கேமராவின் ஒளிமானி எதிரே உள்ள எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே ஒளியை அளப்பதால், குவித்த உப்பு படத்தில் அழுக்கேறியதுபோல் விழும். ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டினால்தான் (ஒளியை இருமடங்காக்குவது ஒரு ஸ்டாப்) வெள்ளை வெள்ளையாகும். எவ்வளவு கூட்டுவது என்பதைத் திரை சொல்வதற்கு முன்பே கூசிய கண் சொல்லிவிடும். பயணி அரைமணி நேரத்தில் முகம் திருப்பிக்கொள்ளும் அந்தக் கூச்சத்தில்தான் உப்பு வாருபவர்களின் வேலைநேரம் முழுதும் கழிகிறது.

படமெடுப்பவர் காண்பதில்லை என்ற குறைக்கு ஆய்வின் ஆதரவும் ஓரளவு உண்டு. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழக உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை முழுதாகப் படமெடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அவை குறைவாகவே நினைவிருந்தன. ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கோ அந்த இழப்பு நேரவில்லை. படத்தொழிலில் பழகியவர்கள் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள். சரக்கேற்றும் தோணியை முழுதாகச் சட்டத்துக்குள் அடைக்க ஒரு நொடி போதும். அதன் பாய்மரக் கயிற்றின் ஒரு முடிச்சை எடுக்க வேண்டுமானால், எந்தப் பிரி எதன் மேல் ஏறுகிறது என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

கயிறு பிடிப்பதும் படமெடுப்பதும் நேருக்கு நேர் மோதுமிடம் பனிமய மாதா பேராலயத்தின் தங்கத்தேர். 1806இல் முதன்முதலாக ஓடிய இத்தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. 2023 ஆகஸ்ட் 5 அன்று ஓடியதுபோல அரிதாகவே வீதிக்கு வருவதால், காணவந்தவர் கைபேசியை உயர்த்துவதைக் குறை சொல்ல நியாயமில்லை. ஆனால் வடம், அதாவது தேரிழுக்கும் கயிறு, இரு கைகளையும் கேட்கிறது. சற்றுநேரம் வடம் பிடித்துவிட்டு விலகிவந்து எடுப்பவரின் படத்தில் தேர் ஓரத்துக்கு ஒதுங்கிவிடுகிறது. நடுவில் நிற்பவை வடத்தில் இறுகிய விரல்களும், அடுத்த இழுப்புக்காகப் பின்னுக்குச் சாய்ந்த தோள்களும்.