திதியும் தூண்டிலும்

வயிற்றுப்பாட்டின் பொருட்டு ஊரைவிட்டு வந்தவர்களுக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று வேண்டுமா என்று கேட்பவர் உளர். வேண்டும் என்பதே எங்கள் துணிபு. ஆறு நாள் கோப்புகளோடும் கூட்ட நெரிசலோடும் போராடுகின்றவன், ஏழாம் நாளில் ஒரு நாழிகையேனும் வெட்டவெளியைக் காணாவிட்டால், வீட்டாரிடம் சீறி விழுவான். ஆனால் மும்பையில் வெட்டவெளிக்கு எங்கே போவது? எங்கள் ஒற்றை அறை வீட்டின் சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் கைக்கு எட்டுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடப்பது இந்நகரில் நீர் ஒன்றே. அந்த நீரைத் தேடிப் போகவே நாங்கள் தூண்டிலைக் கையில் எடுத்தோம்.

எங்கள் தந்தையார் தாமிரபரணிக் கரையில் பிறந்தவர். மூங்கிற் கழியில் நூலைக் கட்டி, மண்புழுவைக் கோத்துக் கெண்டை பிடித்த கதைகளை அவர் சொல்லக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். இப்பொழுது அக்கதைகளை எங்கள் மகன் கேட்கிறான். அவனுக்கு வயது ஒன்பது. “தாத்தா பிடித்த மாதிரி நாமும் பிடிக்கலாமா, அப்பா?” என்று அவன் ஒருநாள் கேட்டான். அக்கேள்விதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

முதலில் ஏரிக்குத்தான் போனோம். மும்பையின் வடபால் மூன்று ஏரிகள் உள்ளன. விஹார் ஏரி 1860-ஆம் ஆண்டிலும், துளசி ஏரி 1879-ஆம் ஆண்டிலும், பவாய் ஏரி 1891-ஆம் ஆண்டிலும் உருவாயின. முதல் இரண்டும் இன்றும் நகருக்குக் குடிநீர் தருகின்றன. அங்கே தூண்டிலுக்கு இடமில்லை. பவாய் ஏரியும் குடிநீருக்கென்றே வெட்டப்பட்டதாயினும், அதன் நீர் குடிப்பதற்கு ஏற்றதாக அமையவில்லை. மக்களின் தாகத்தைத் தணிக்காத அந்த ஏரி, தூண்டிற்காரர்களின் ஆசையைத் தணித்து வருகிறது. அதன் கரையில் தூண்டில் மீன்பிடிப்போர் சங்கம் ஒன்று உண்டு. அதில் உறுப்பினரான அலுவலக நண்பர் ஒருவர் எங்களை உடன் அழைத்துச் சென்றார்.

ஏரி மீன் பிடிப்பதிலும் ஒரு கல்வி இருக்கிறது என்பதை அங்கேதான் அறிந்தோம். கட்லா மேல்நீரில் மேயும். ரோகு நடுநீரில் உலவும். மிருகால் அடிச்சேற்றைக் கிளறும். எந்த மீனை நாடுகிறோமோ அதற்கேற்பத் தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே தங்கூசி நூலின் நீளத்தை வைக்க வேண்டும். கோதுமை மாவைப் பிசைந்து, கொட்டைப் பாக்களவு உருட்டி, முள்ளில் செருகினால் போதும். மற்றதெல்லாம் பொறுமையே. அந்த ஏரியில் முதலைகள் உண்டு. ஆகையால் நீரில் கால் வைக்கலாகாது. மூன்றாம் ஞாயிறன்று எங்கள் மகன் ஒரு சாண் நீள ரோகு ஒன்றைப் பிடித்தான். அன்று அவன் முகத்தில் கண்ட ஒளியைப் பள்ளியில் முதல் மதிப்பெண் பெற்ற நாளிலும் நாங்கள் கண்டதில்லை. சிறு மீனாதலால் அதைத் திரும்ப ஏரியில் விட்டுவிடும்படி நண்பர் கூறினார். சற்றே தயங்கினான், பிறகு விட்டுவிட்டான்.

ஆயினும், ஏரி எங்களுக்கு ஒரு தவறான பாடத்தையும் கற்பித்துவிட்டது. சென்ற ஞாயிறு பார்த்த கரை இந்த ஞாயிறும் அங்கேயே இருக்கும். சென்ற வாரம் உட்கார்ந்த கல்லில் இந்த வாரமும் உட்காரலாம். நீர் என்றாலே இப்படித்தான் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

பவாய் ஏரி நிரம்பி வழியும் நீர் மிட்டி ஆற்றில் சேர்கிறது. அந்த ஆறு விமான நிலையத்தைக் கடந்து, நம்மவர் பல்லாயிரவர் வாழும் தாராவியின் ஓரமாகக் கறுத்து நாறி ஓடி, மாகிமுக்கும் பாந்திராவுக்கும் இடையே கடலில் கலக்கிறது. எங்கள் மகனும் அந்த வழியே கடலுக்குப் போகலாம் என்று பிடிவாதம் செய்தான். பாந்திராவின் கடலோரத்தில் கருங்கற் பாறைகள் நெடுந்தூரம் பரந்திருக்கின்றன. அங்கே தூண்டிலிடுவோர் பலர். அனுமதிச் சீட்டும் வேண்டுவதில்லை. மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், பிற்பகல் மூன்று மணிக்கு நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

கரைக்கும் எங்கள் கண்ணைக் கவர்ந்த ஒரு மேட்டுப் பாறைக்கும் நடுவே முழங்காலளவு நீர் கிடந்தது. அதைக் கடந்து பாறைமேல் அமர்ந்தோம். பொழுது செல்லச் செல்ல நீர் விலகிக்கொண்டே போயிற்று. கடல் தன் கதவைத் திறந்து எங்களை உள்ளே அழைப்பதுபோல் இருந்தது. இறாலை இரையாகக் கோத்து, இரண்டு கத்தாளையும் ஒரு கெளுத்தியும் பிடித்தோம். கெளுத்தியின் முதுகிலும் பக்கங்களிலும் உள்ள முட்கள் நஞ்சுடையவை. அதைத் துணியால் பற்றியே முள்ளைக் கழற்ற வேண்டும். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சுடுநீரில் கையை ஆழ்த்தி வைத்துவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஆறு மணிக்குத் திரும்பியபோது கால் நனையாமலே கரை சேர்ந்தோம். அன்றிரவு வீட்டில் புளியும் தேங்காயும் கூட்டி வைத்த மீன்குழம்பின் மணம் மாடி முழுவதும் பரவிற்று.

அடுத்த ஞாயிறு அதே மூன்று மணி, அதே பாறை, இடையே கிடந்ததும் அதே முழங்காலளவு நீர். இருப்புப்பாதை எழுத்தர்களாகிய எங்களுக்கு உலகமே கால அட்டவணைதான். சென்ற வாரம் ஆறு மணிக்கு நீர் வடிந்திருந்தது; இந்த வாரமும் வடிந்திருக்கும் என்பதில் எங்களுக்கு ஐயமே எழவில்லை. மீனும் நன்றாகக் கடித்தது. தக்கையை விட்டு நாங்கள் கண்ணை எடுக்கவில்லை.

நாலரை மணியளவில் கரையிலிருந்து ஒரு பெண்குரல் உரக்கக் கேட்டது. “பர்தி! பர்தி!” என்று அக்குரல் கூவிற்று. நாங்கள் திரும்பிப் பார்த்தோம். கோளி இனத்து மூதாட்டி ஒருவர், பாறையில் ஒட்டிய சிப்பிகளைக் கொத்தி எடுக்கும் கருவியைக் கையில் பிடித்தவாறு எங்களை நோக்கிக் கையசைத்துக்கொண்டிருந்தார். பர்தி என்பது மராத்தியில் கடலேற்றத்தின் பெயர். எங்கள் முன்னே இருந்த கடல் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் முதுகுக்குப் பின்னே, நாங்கள் நடந்து வந்த பள்ளம் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. கடல் முன்வாசலால் வரவில்லை, கொல்லைப்புறமாக வந்துவிட்டது.

தூண்டிலைப் போட்டுவிட்டு, மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு நீரில் இறங்கினோம். மார்பளவு நீர். அலை ஒவ்வொன்றும் காலைப் பறித்தது. பாசி படிந்த பாறை வழுக்கிற்று. “அங்கே வேண்டாம், குழி! இடப்பக்கம் வா, இடப்பக்கம்!” என்று மூதாட்டி வழி சொல்லிக்கொண்டே, தாமும் இடுப்பளவு நீரில் இறங்கி வந்து பையனின் கையைப் பற்றிக்கொண்டார். கரையேறியபின் நெடுநேரம் எங்களுக்குப் பேச்சு எழவில்லை. மகன் அழவில்லை, ஆனால் எங்கள் சட்டையைப் பிடித்த பிடியை அவன் விடவே இல்லை.

சட்டைப் பையில் நனைந்து கிடந்த பணத்தை எடுத்து நீட்டினோம். மூதாட்டி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“இன்று என்ன திதி?” என்று கேட்டார்.

“தெரியாது, மாவ்ஷி” என்றோம்.

“உங்கள் வீட்டில் பஞ்சாங்கம் இல்லையா?”

“இருக்கிறது.”

“இருந்தும் பார்க்காமலா பிள்ளையை அழைத்து வந்தாய்?”

இக்கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. பெண் பார்க்கவும், பால் காய்ச்சவும், ஊருக்குப் புறப்படவும் நாளும் பொழுதும் பார்க்கின்ற நாங்கள், பிள்ளையின் உயிரைக் கடலிடம் ஒப்படைக்கும்போது எதையும் பார்க்கவில்லை.

அவர் பாறைமேல் அமர்ந்து விரல்விட்டுக் கணக்குச் சொன்னார். திதியின் எண்ணை முக்காலால் பெருக்கு. வருவது மும்பைக் கடல் நிறையும் மணி. வளர்பிறையோ தேய்பிறையோ, கணக்கு ஒன்றே. பிரதமை என்றால் ஏறத்தாழ முக்கால் மணிக்கு, அதாவது பன்னிரண்டே முக்காலுக்கு நிறையும். அட்டமிக்கு எட்டை முக்காலால் பெருக்க, ஆறு மணி. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் நண்பகலை ஒட்டி நிறையும். நிறைந்தபின் ஆறு மணி நேரத்தில் வற்றும். மறுபடி ஆறு மணி நேரத்தில் நிறையும். இது தோராயக் கணக்கு. முன்பின் ஒரு மணி நேரம் விட்டே நடக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டியைப் பார்த்தோம். முந்திய ஞாயிறு பௌர்ணமி. நண்பகலில் நிறைந்த கடல், நாங்கள் போன மூன்று மணிக்குப் பாதி வடிந்திருந்தது. இந்த ஞாயிறு அட்டமி. நண்பகலில் வற்றிய கடல், அதே மூன்று மணிக்குப் பாதி ஏறியிருந்தது. இரண்டு நாளும் நீர்மட்டம் ஒன்றுபோலவே தோன்றியது; ஒருநாள் அது போய்க்கொண்டிருந்தது, மறுநாள் வந்துகொண்டிருந்தது. நிற்கும் வண்டியைப் பார்த்த அளவில், அது போகும் வண்டியா வரும் வண்டியா என்று தெரியாது என்பதை நாங்களே பயணிகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்போம்!

இதன் காரணம் விளங்காத ஒன்றன்று. கடல் சூரியனைவிடச் சந்திரனுக்கே மிகுதியாகக் கட்டுப்பட்டது. சந்திரன் வானில் ஒரு சுற்று வந்து அதே இடத்தில் தோன்ற 24 மணி 50 நிமிடம் ஆகிறது. ஆகவே கடலேற்றம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. ஏழு நாளில் அது ஆறு மணி நேரமாகிவிடும். அதாவது ஏற்றம் இருந்த நேரத்தில் வற்றமும், வற்றம் இருந்த நேரத்தில் ஏற்றமும் வந்துவிடும். ஞாயிறு தோறும் ஒரே மணிக்குக் கடலுக்குப் போகின்றவன், வாரம் விட்டு வாரம் நேர்மாறான கடலைச் சந்திக்கிறான். வாரத்தில் ஒரு நாளே ஓய்வுள்ள நம்போன்றோர்க்கு இதைவிடப் பெரிய பொறி வேறில்லை. ஞாயிறு என்றால் மெகா பிளாக் இருக்கிறதா என்று பார்த்துப் புறப்படும் நாம், கடலின் அட்டவணையையும் பார்த்தே புறப்பட வேண்டும்.

எங்கள் இல்லாள், “அட்டமியில் எதையும் தொடங்காதீர்கள் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேனே!” என்றாள். அட்டமியின் மேல் குற்றம் இல்லை. அது சுவரில் தொங்கிக்கொண்டு உண்மையைச் சொல்லத்தான் செய்தது. படிக்காதது எங்கள் குற்றம்.

மூன்று வாரம் நாங்கள் தூண்டிலைத் தொடவில்லை. மகனை மறுபடி அழைத்துப் போவதா, வேண்டாமா என்று வீட்டில் விவாதம் நடந்தது. கடலைக் கண்டு அவன் அஞ்சி ஒதுங்குவது நன்றா, அறிந்து நெருங்குவது நன்றா? அறிந்து நெருங்குவதே நன்று என்று இறுதியில் அவன் தாயே கூறினாள். ஒரு டப்பா முறுக்கும் கட்டிக் கொடுத்தாள். மூதாட்டி பணத்தை மறுத்தவர், முறுக்கை மறுக்கவில்லை. “கணக்குப் பார்த்தாயா?” என்று மட்டும் பையனிடம் கேட்டார். அவன் திதியையும் மணியையும் சொன்னான். சிரித்துவிட்டு, சிப்பி கொத்தச் சென்றார்.

தூண்டில் பிடிக்க விரும்பும் அன்பர்களுக்கு நாங்கள் கண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். முக்கால் கணக்கு வழிகாட்டியே. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையோடு அதை ஒத்துப் பார்த்துக்கொள்க. நீர் ஏறத் தொடங்குமுன் பாறையை விட்டு இறங்கிவிடுக. மழைக்காலத்தில் பாறைப் பக்கமே போகாதீர். அப்பருவத்தில் நான்கரை மீட்டருக்கு மேற்பட்ட ஏற்றம் வரும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே அறிவிக்கிறது. இயந்திரப் படகுகளுக்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை உண்டு. கடலைத் தொழிலாகக் கொண்ட கோளி மக்கள் ஆவணியை ஒட்டிய பௌர்ணமியில் கடலுக்குத் தேங்காய் படைத்துவிட்டே மீண்டும் படகேறுகின்றனர். அவர்களுக்கு இல்லாத அவசரம் நமக்கு ஏன்? நமக்கு விளையாட்டாய் இருக்கும் அந்தக் கரை அவர்களுக்கு வயல். அவர்களைக் கேட்டு நடப்பதில் நமக்கு இழிவு ஒன்றுமில்லை.

ஊரிலிருந்து வந்த தந்தையாரிடம் இச்செய்தியைச் சொன்னபோது, அவர் தம் பேரனை அருகழைத்து முக்கால் வாய்பாட்டை ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தார். அடகில் வட்டிக் கணக்கு அறிய அவர் பயின்ற வாய்பாடு அது. இன்று எங்கள் மகன் காலையில் நாட்காட்டியின் தாளைக் கிழித்ததும், இராகுகாலத்துக்குக் கீழே பென்சிலால் கடல் நிறையும் மணியை எழுதி வைக்கிறான். கடலுக்குப் போகாத நாட்களிலும் எழுதுகிறான். நாங்கள் அலுவலகம் புறப்படுமுன் அதை ஒருமுறை பார்த்துவிட்டே புறப்படுகிறோம்.