உறைந்த பூட்டு

சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நின்றிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய மகள் செவிலியாக ஜெர்மனிக்குச் சென்று முதற்குளிர்காலத்தைக் காண்கிறாள். பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறாள். விடியுமுன் வேலைக்குப் புறப்பட்ட ஒருநாள், கதவின் பூட்டு உறைந்துபோய்ச் சாவி திரும்பவே இல்லையாம். “சாமி, நீங்களும் அந்த ஊரிலே இருந்தவங்கதானே? ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய் அனுப்பினா ஆகுமா?” என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மார்கழியில் நம் வீட்டு மாடத்திலேயே கட்டியாகிவிடும் எண்ணெய் அல்லவா அது! ஆனால் சிரித்தது தவறு என்பதை அக்கணமே உணர்ந்தேன். இந்தப் பாடத்தை நான் கற்ற இரவு நினைவுக்கு வந்தது.

2006 ஜனவரி. ஜெர்மனியின் தென்கிழக்கில், செக் நாட்டு எல்லையை ஒட்டிய பவேரிய வனப்பகுதியில் பணியாற்றி வந்தேன். குருக்கள் குறைந்துவிட்ட நாடு. மூன்று பங்குகள் என் பொறுப்பில் இருந்தன. நள்ளிரவு கடந்து இரண்டு மணியளவில் தொலைபேசி ஒலித்தது. ஏழு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பண்ணைவீட்டில் மூதாட்டி ஒருவர் இறுதி வேளையில் இருக்கிறார், உடனே வரவேண்டும் என்றார்கள். நற்கருணையையும் எண்ணெய்ச் சிமிழையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். வெளியே உறைநிலைக்குக் கீழே 15 பாகை. சாவி துவாரத்தில் பாதிக்குமேல் நுழைய மறுத்தது.

காரணம் நானேதான். பனியைக் கரைக்க அந்நாட்டில் சாலைகளில் உப்பைத் தூவுவார்கள். அது வண்டியின் இரும்பை அரித்துவிடும் என்று, குளிர் சற்றே தணிந்திருந்த முந்தின நாள் காரைக் கழுவியிருந்தேன். துடைத்தது மேலே மட்டுந்தான். பூட்டுக்குள் மெல்லிய தகடுகளும் மிகச் சிறிய சுருள்விற்களும் வரிசையாக உண்டு. ஒவ்வொன்றும் தன் இடத்தில் அசைந்து கொடுத்தால்தான் சாவி திரும்பும். நீரோ உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்களவு விரிவது. இரண்டொரு துளி போதும், அத்தனையையும் இறுகப் பிடித்துக்கொள்ள.

சாவியை முறுக்கினேன், அது வளையத் தொடங்கவே அஞ்சி நிறுத்தினேன். வாயால் ஊதினேன், மூச்சிலும் ஈரம் உண்டு என்பது அப்போது தோன்றவில்லை. பிறகு அடுக்களைக்கு ஓடிக் கெண்டியில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினேன். ஆவி எழுந்தது, சாவியும் உள்ளே சென்றது. மகிழ்வதற்குள், வழிந்த நீர் கதவோரத்து ரப்பரில் உறைந்து, கதவையே சட்டத்தோடு ஒட்டிவிட்டது. கண்ணாடி வெடிக்காமல் தப்பியது இறைவன் செயல். பூட்டின் பனியைக் கரைக்கும் மருந்துக் குப்பி ஒன்றை இலையுதிர்காலத்திலேயே வாங்கி வைத்திருந்தேன். எங்கே? காருக்குள்ளே, முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள சிறு பெட்டியில்!

விளக்கொளி கண்டு அடுத்த வீட்டிலிருந்த முதியவர், எங்கள் கோவிற்பணியாளர், எழுந்து வந்தார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “நீர் ஊற்றாத பக்கத்துக்குப் போவோம் சுவாமி” என்றார். குறட்டினால் சாவியைப் பிடித்து, புகைபிடிக்கும் லைட்டரில் சூடாக்கி, துவாரத்தில் செலுத்திச் சற்றுப் பொறுத்தார். மறுபடியும் சூடாக்கினார். மூன்றாம் முறை திரும்பியது. அதன்பிறகும் கைப்பிடியை இழுக்கவில்லை. கதவைத் தோளால் உள்நோக்கி அழுத்தினார். ரப்பரோரத்துப் பனி படபடவென்று நொறுங்கிற்று. இழுத்தால் கைப்பிடி உடையும், ரப்பர் கிழியும் என்று பின்னர் சொன்னார். நான் அந்தப் பக்கமாகவே ஏறித் தவழ்ந்து ஓட்டுமிடத்தில் அமர்ந்தேன்.

நாற்பது நிமிடம் தாமதம். மூதாட்டிக்கு உயிர் இருந்தது. எண்ணெய் பூசி செபித்தேன். ஆனால் நற்கருணையை விழுங்கும் நிலையை அவர் கடந்திருந்தார். “சற்று முன்புவரை கண் விழித்திருந்தார், குருவானவர் வந்துவிட்டாரா என்று இருமுறை கேட்டார்” என்று மகள் கூறினாள். குறையாகக் கூறவில்லை. காப்பிக் கோப்பையை என் கையில் கொடுத்துக்கொண்டே கூறினாள்.

ஒலிவ எண்ணெயும் கடுங்குளிரில் கெட்டிப்படும் என்பதால் எண்ணெய்ச் சிமிழை உட்பையில் வைப்பது என் வழக்கம். மறுநாள் முதல் அதே பையில் அந்த மருந்துக் குப்பியும் இடம் பெற்றது.

இதையெல்லாம் சொல்லி, மகளுக்கு எழுதவேண்டியவற்றையும் அந்தத் தாயிடம் கூறினேன். ஆல்கஹால் கலந்த மருந்தே நல்லது. சாராயச் சத்து உறைநிலைக்குக் கீழே நூறு பாகை தாண்டியும் உறையாது. அவசரத்துக்குக் கைகளில் தேய்க்கும் கிருமிநாசினித் திரவமும் உதவும். எதுவாயினும் கைப்பையில் இருக்கட்டும், காரில் அல்ல. குளிர் தொடங்குமுன் கதவோர ரப்பரில் கிளிசரினோ மான் கொழுப்புக் குச்சியோ தேய்க்கவேண்டும். (மான் கொழுப்பு என்றதும் அவர் முகம் சுளித்தார்.) மின்சில்லு பொருத்திய சாவியை நெருப்பில் காட்டலாகாது. பொத்தானை அழுத்தித் திறக்கும் புதிய கார் வாங்கினாலும் நிம்மதி இல்லை. குளிரில் சாவியின் மின்கலம் ஓய்ந்த அன்றுதான் மறைந்திருக்கும் துவாரத்தைத் தேடுவோம். பல ஆண்டு தொடாத அது துருவேறிக் கிடக்கும். மாதம் ஒருமுறையேனும் சாவியிட்டுத் திருப்பவேண்டும்.

அனைத்தையும் பொறுமையாகக் கேட்டார். சென்ற வாரம் மகளுக்கு அனுப்பும் பொதியை மந்திரிக்கக் கொண்டுவந்தபோது பார்த்தேன். ஊறுகாய்க்கும் செபமாலைக்கும் நடுவே தேங்காய் எண்ணெய் பாட்டில் பத்திரமாக இருந்தது. “தலைக்காவது தேய்ச்சுக்கட்டும் சாமி” என்றார்.