வயிற்றுவலியும் சில பேய்ப்படங்களும்

எங்கள் பேரையூர்ப் பக்கம் பேயைக் காண யாரும் திரையரங்குக்குப் போக வேண்டியதில்லை. கரிசல் காட்டுப் பாதையோரம், அகாலத்தில் மாண்ட பெண்ணொருத்திக்கு நட்ட கல் இருக்கும். அவள் சாவுக்குக் காரணமானவர்களின் வாரிசுகளே ஆண்டுதோறும் பொங்கலிட்டுச் சேலை சாத்துவதும் உண்டு. அச்சத்தால் கும்பிடுகிறார்களா, குற்றவுணர்வாலா என்று எங்களால் இன்றுவரை பிரித்தறிய முடிந்ததில்லை.

மணலைக் குவித்து உட்கார்ந்து டூரிங் டாக்கீஸில் படம் பார்த்த வயதில், ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) படத்தை இரண்டாம் ஆட்டத்தில் பார்த்தோம். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் எங்களோடு படித்த பெண்ணொருத்தி இறந்திருந்தாள். வயிற்றுவலி என்றார்கள். வேறு சாதிப் பையனோடு அவள் பேசிக்கொண்டிருந்ததை ஊரே அறியும். நாங்களும் அறிவோம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

படத்தில் ஜமீன்தார் மகன் ஏழைப் பெண்ணை விரும்புகிறான். தந்தையின் அந்தஸ்து வெறி கொலையில் முடிகிறது. காதலர்கள் மறுபிறவி எடுத்து வந்தால், நூறு வயதைக் கடந்தும் சாகாமல் அதே வெறியோடு காத்திருக்கிறார் கிழவர். நம்பியாரின் அந்த முகத்தை எங்களால் மறக்க இயலவில்லை. இங்கே அச்சுறுத்துவது இறந்தவள் அல்லள். சாக மறுக்கும் தகப்பன். அன்றிரவு வீடு திரும்புகையில் கல்லைக் கடக்க நாங்கள் அஞ்சவில்லை. விளக்கெரிந்த வீடுகளைக் கடக்கத்தான் அஞ்சினோம்.

இப்படத்தின் பாடலை முணுமுணுக்காத தமிழர் அரிது. ஆனால் நல்ல திகில் படம் எதுவெனக் கேட்டால் இதைச் சொல்வோர் அதனினும் அரிது. பாழடைந்த மாளிகையை ஒளியாலும் நிழலாலும் பேசவைத்த ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட், மறு ஆண்டே மலையாளத்தில் பஷீரின் திரைக்கதையில் ‘பார்கவி நிலையம்’ இயக்கினார். மலையாளிகள் அதைக் கொண்டாடி, 2023இல் ‘நீலவெளிச்சம்’ என மீண்டும் எடுத்தார்கள். நாம் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு படத்தை விட்டுவிட்டோம்.

இன்னும் இரண்டு படங்களைப் பரிந்துரைப்போம். ஜி. எம். குமாரின் ‘உருவம்’ (1991), பில்லி சூனியத்தால் ஒரு குடும்பம் சிதைவதை ஆறுதலேதும் தராமல் காட்டுவது. மென்மையான காதலனாகவே பழகிய மோகனை அந்தக் கோலத்தில் காண அன்றைய ரசிகர்கள் ஆயத்தமாக இல்லை. அடுத்தது அறிவழகனின் ‘ஈரம்’ (2009). நீரின் வழியே பழிதீர்க்கும் பெண்ணின் கதை என்பார்கள். உண்மையில் அது அக்கம்பக்கத்தாரின் அவதூறும் கணவனின் சந்தேகமும் சேர்ந்து ஒருத்தியைக் கொல்லும் கதை. வெளியானபோது பேசப்பட்ட படந்தான். ஆனால் 2011இல் ‘காஞ்சனா’ பெற்ற வெற்றிக்குப் பின் தமிழில் பேய்கள் பெரும்பாலும் சிரிக்கவைக்கும் வேலைக்குப் போய்விட்டன. அதில் ‘ஈரம்’ போன்றவை பின்னுக்குத் தள்ளப்பட்டன.

அண்மையில் நண்பர்கள் கூடி ‘நெஞ்சம் மறப்பதில்லை’யை மறுபடி பார்த்தோம். நாடகத்தனமான வசனங்கள் சில இடங்களில் உறுத்தவே செய்தன. கிழவர் தோன்றியதும் பேச்சு நின்றுவிட்டது. படம் முடிந்தபின் அவள் பெயரை எங்களில் ஒருவர் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் அப்பெயரை எங்களுக்குள் உச்சரித்தது அதுவே முதன்முறை. அவளுக்கு எங்கள் ஊரில் கல்லும் இல்லை.

வாய்த்தால் இப்படங்களை விளக்கணைத்துப் பாருங்கள்.